மேட்டுக் காற்றும் பள்ளத்துப் புகையும்

காற்றும் கதிரவனும் யாவர்க்கும் பொது என்று சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். நிலத்துக்கு வேலியுண்டு, கிணற்றுக்கு உரிமையாளன் உண்டு, குடிக்கும் நீரும் இக்காலத்தில் போத்தலில் அடைபட்டு விலைக்கு வருகிறது. காற்றுக்கு மட்டும் இன்னும் எவரும் உறுதி முடிக்கவில்லை என்பது ஏழைக்கு எஞ்சிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலிலும் உண்மை இல்லை என்பதை எனக்குக் கற்பித்தது கண்டி மாநகரம். ஒரே நகரில், ஒரே காலை வேளையில், அரை மைல் இடைவெளிக்குள் வாழும் இரு குழந்தைகள் இங்கே இரு வேறு காற்றைச் சுவாசிக்கின்றன. இந்த வேறுபாட்டில் இயற்கைக்கும் ஒரு பங்குண்டு. ஆனால் பெரும்பங்கு மனிதருடையது. ஆசிரியனாக இந்நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

கண்டியின் அமைப்பை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் நகரம் கிடக்கிறது. ஒருபுறம் ஹந்தானை மலை, மறுபுறம் உடவத்தைக்கலைக் காடு, இன்னொருபுறம் பஹிரவகந்தக் குன்று. நடுவே, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த வாவி. அப்பால் மகாவலி நதி வளைந்தோடுகிறது. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தடுத்து நிறுத்திய இம்மலைகள், இன்று வாகனப் புகையை வெளியேற விடாமல் தடுத்து நிற்கின்றன.

இதன் காரணம் எளிது. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. பகலில் நிலம் சூடேறுகிறது. நிலத்தைத் தொட்ட காற்றும் சூடேறி மேலெழுகிறது. அதனோடு புகையும் மேலே சென்று கலைந்துவிடுகிறது. இரவில் மலைச்சரிவுகள் விரைவாகக் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதன்மேல் சற்று வெப்பமான காற்று, பானைமீது வைத்த மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. வெயில் நன்றாக ஏறும்வரை மூடி திறப்பதில்லை. ஆனால் நகரின் வாகனங்கள் வெயில் ஏறும்வரை காத்திருப்பதில்லை. பாடசாலைகள் காலை ஏழரை மணிக்குத் தொடங்குகின்றன. பேராதனை வழியாகவும், கட்டுகஸ்தோட்டை வழியாகவும், தென்னக்கும்புர வழியாகவும் பஸ்களும் வேன்களும் மோட்டார்க் கார்களும் ஓட்டோக்களும் ஆறரை மணிக்கே இந்தப் பானைக்குள் வந்து இறங்கிவிடுகின்றன. மூடி திறவாத பானைக்குள் புகையைக் கொட்டும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தெருவில் நிற்கின்றனர்.

வெள்ளையன் இதை நன்கு உணர்ந்திருந்தான் என்றே தோன்றுகிறது. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய பின் அவன் தனக்கென்று வீடு கட்டிய இடங்கள் பெரும்பாலும் மேட்டில் இருந்தன. வாவிக்கு மேலேயும் குன்றுகளின் தோளிலும், காற்றோட்டமும் காட்சியும் தேடி அவனுடைய பங்களாக்கள் எழுந்தன. சந்தையும் வண்டிப்பேட்டையும் தொழிலாளர் குடியிருப்பும் கீழே இருந்தன. அவன் போய்விட்டான், அவன் வகுத்த மேடும் பள்ளமும் போகவில்லை. இன்றும் காணி விற்பனை விளம்பரங்களில் “நகரக் காட்சியுடன்” என்றொரு சொல் விலையை ஏற்றுகிறது. காட்சிக்குக் கொடுக்கும் பணம் காற்றுக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. மேட்டில் இருப்போர் அனைவரும் செல்வர் என்று நான் சொல்லவில்லை. மலைச்சரிவுத் தோட்டங்களின் லயங்களிலும் ஏழைகள் வாழ்கின்றனர். ஆயினும் அவர்களும் கூலிக்காகக் காலையில் பள்ளத்துக்கு இறங்கி, மாலையில் இருமலோடு ஏறுகிறவர்களே.

இது ஒரு பள்ளி ஆசிரியனின் ஊகம் என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும, கண்டியின் காற்று கொழும்பின் காற்றைவிடக் கெட்டுப்போயிருப்பதைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவந்தார். கடற்காற்று வீசும் பெருநகரைவிட, மலைசூழ்ந்த சிறுநகரின் நிலை மோசம் என்பதைக் கேட்டுப் பலர் வியந்தனர். வீதியின் வாகன நெருக்கத்துக்கும் காற்றிலுள்ள தூசுக்கும் உள்ள தொடர்பைக் கண்டியில் அளந்து எலங்கசிங்க, சாந்தினி என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர். எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகி, தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் போகும் புற்றுநோய் விளைக்கும் நச்சுச் சேர்மங்களை விக்கிரமசிங்க, கருணாரத்ன, சிவகணேசன் ஆகியோர் கண்டி நகரிலும் புறநகரிலும் கிராமப்புறத்திலும் ஒப்பிட்டு 2011இல் எழுதினர். வாகனம் நெருங்கிய நகர வீதிகளிலேதான் அவை மிகுதி. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து செய்த இந்த ஆய்வுகளை அவர்கள் ஆங்கில ஏடுகளில் எழுதினர். பஸ் தரிப்பிடத்தில் நிற்பவனுக்கு அவற்றை அவன் மொழியில் எடுத்துச் சொல்வது படித்த நம்முடைய வேலை.

புகையில் நாம் கண்ணால் காணும் கருமை ஒரு பகுதிதான். கண்ணுக்குத் தெரியாதது அதைவிடக் கொடியது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் வருவது ஒரு மைக்கிரோமீற்றர். இரண்டரை மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் அதைத் தடுக்கமாட்டா. அது நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. அதனினும் நுண்ணியவை இரத்தத்திலும் கலந்து இருதயத்தையும் மூளையையும் எட்டுகின்றன. டீசல் புகை மனிதருக்கு நுரையீரல் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. இத்துகள் ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்று அதே நிறுவனம் 2021இல் வரையறுத்தது. நம் நாடு 2008இல் திருத்திய நியமமோ 25 வரை அனுமதித்தது. உலகம் ஆபத்து என்று சொல்வதில் ஐந்து மடங்கை நாம் சட்டப்படி சுவாசிக்கலாம்!

மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது. வாகனப் புகை நகரம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. பெருவீதியின் ஓரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. விலகிச் செல்லச் செல்லக் குறைகிறது. சில நூறு மீற்றர் தள்ளிப்போனால், வீதியிலிருந்து வந்த பங்கு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கிய ஒடுங்கிய தெருவில் அது கலையாமல் தங்குகிறது. ஆகவே “கண்டியின் காற்று எப்படி?” என்று கேட்பது அரைக் கேள்வி. “யாருடைய கண்டி?” என்பதையும் சேர்த்துக் கேட்டாலே அது முழுக் கேள்வியாகும்.

இங்கேதான் சராசரி என்னும் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. ஒருவன் இரண்டு சோறு உண்டான், மற்றவன் பட்டினி கிடந்தான்; சராசரியாக ஆளுக்கு ஒரு சோறு என்று எழுதுகிறவனை நாம் என்ன சொல்வோம்? நகரில் எங்கோ ஓரிடத்தில் ஒரு கருவியை வைத்து, அதில் விழும் எண்ணை நகரத்தார் அனைவரின் எண்ணாகச் சொல்வதும் அத்தகையதே. மேட்டு வீட்டிலிருந்து ஒருவர் கண்ணாடி ஏற்றிய காரில், குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார். இருபது நிமிடத்தில் அலுவலகத்தின் மூடிய அறைக்குள் போய்விடுகிறார். அதே வீதியில் ஒரு ஓட்டோக்காரர் கதவில்லாத வண்டியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறார். அவருடைய முகமும் முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகைக்குழாயும் ஏறத்தாழ ஒரே மட்டம். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருக்கும் பஸ்களின் நடுவே கடலையும் மாங்காயும் விற்கும் சிறுவனுக்கு அந்த நிலையமே வீடு, பள்ளி, கடை எல்லாம். வீதி நடுவே கைகாட்டி நிற்கும் பொலிஸ்காரர் அரசாங்க ஊழியர், அவருக்கும் தப்பில்லை. முதலாமவர் புகையை உண்டாக்குகிறார், மற்றவர்கள் உண்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து எழுதப்படுவதே சராசரி.

நான் கற்பித்த பாடசாலைகளில் ஒன்று பெருவீதியை ஒட்டியது. அதன் ஒரு கட்டடம் வீதியைப் பார்த்திருந்தது. மற்றொன்று மரங்கள் நின்ற முற்றத்தைப் பார்த்திருந்தது. பரீட்சையில் முன்னிற்கும் “ஏ” பிரிவுக்கு முற்றத்துப் பக்கம். “சி” பிரிவுக்கு வீதிப் பக்கம். எவரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. நன்றாகப் படிக்கிறவர்களுக்கு அமைதி வேண்டும் என்பது காரணம். “சி” பிரிவில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஓட்டோக்காரரின், சந்தைச் சுமைகாரரின், வீதி கூட்டுவோரின் பிள்ளைகள். வீட்டில் வீதிப்புகையும் விறகடுப்புப் புகையும் குடித்துவிட்டு வந்த பிள்ளைகள், வகுப்பிலும் அதையே குடித்தார்கள். சன்னலைத் திறந்தால் பஸ்ஸின் ஹோர்னும் கரியும்; மூடினால் நாற்பது பேரின் வெக்கை. காலையில் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால், இரண்டாம் பாடம் முடியுமுன் வெள்ளைத் தாளில் கருந்தூள் படிந்திருக்கும்.

வகுப்புகளைத் தவணைக்கு ஒருமுறை இடம் மாற்றலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். “பெறுபேறு குறைந்தால் பொறுப்பு யார்?” என்று கேட்டார்கள். வீதிப் பக்கத்து வகுப்பின் பெறுபேறு ஏற்கெனவே குறைந்திருப்பதற்குப் பொறுப்பு யார் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. நான் புள்ளிவிபரம் சேர்க்கவில்லை. ஆனால் வரவுப் பதிவேட்டில் “சுகவீனம்” என்ற சொல்லை நான் அதிகம் எழுதியது எந்த வகுப்புக்கு என்பது என் கைக்கு நினைவிருக்கிறது. மூச்சு முட்டி உட்காரும் பிள்ளையை “சோம்பேறி” என்று நாம் எத்தனை முறை அழைக்கிறோம்! இழுப்பு வந்த இரவில் உறங்காத பிள்ளை, காலையில் பெருக்கல் வாய்பாட்டை மறந்தால் பிரம்பு எதற்கு?

நகரிலிருந்து வடக்கே கட்டுகஸ்தோட்டை போகும் வீதியில் இருக்கிறது மகியாவ. யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ-9 பெருவீதியின் தொடக்கம் அதுவே. வடக்கிலிருந்து வரும் தமிழ் வாசகர் பலர் பஸ்ஸிலிருந்தபடியே அந்த இடத்தைக் கடந்திருப்பர். அங்கே வாழ்வோரைக் கண்டிருக்க மாட்டார். 1865இல் கண்டி மாநகரசபை அமைந்த பின், நகரைச் சுத்தமாக வைத்திருக்கும் பணிக்கென்று ஆங்கில ஆட்சியினர் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்தனர். நகரின் மலத்தையும் குப்பையையும் தலைமுறை தலைமுறையாக அள்ளிய அம்மக்கள் மகியாவவின் நெருக்கமான குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். அவர்களின் நிலையைக் காலிங்க ரியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர், இலங்கையின் சாதியொதுக்கல் பற்றி 2009இல் வெளிவந்த நூலொன்றில் ஆராய்ந்திருக்கின்றனர். சாதி என்பது கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் மட்டும் நிற்பதாக எண்ணுகிறோம். எவன் எங்கே வீடு கட்டலாம், எவன் எந்தக் காற்றைச் சுவாசிக்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்திருக்கிறது.

என் மாணவன் ஒருவன் பல நாட்கள் பாடசாலைக்கு வராததால் அக்குடியிருப்புகளில் ஒன்றுக்குச் சென்றேன். ஓர் அறை, ஒரு குசினி, அடுப்பில் விறகு. பையன் மூலையில் சாய்ந்திருந்தான். அவன் மார்பு துருத்திபோல் ஏறி இறங்கியது. தாய் வீதி கூட்டும் தொழிலாளி. விடியுமுன் புறப்பட்டு, நகரம் விழிப்பதற்குள் அதன் முகத்தைத் துடைத்துவிட்டு வருகிறவர். “நீங்கள் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யலாமே, அம்மா” என்றேன்.

“கட்டிக்கிட்டுக் கூட்டுனா மூச்சு முட்டுது சேர், கட்டாமக் கூட்டுனா தூசி முட்டுது. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார் அவர். பிறகு மகனைக் காட்டி, “நானாவது தூசியில வேல செய்யிறேன். இவன் என்ன வேல செஞ்சான்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் படித்தவனின் விடை என்னிடம் ஏதுமில்லை. பகல் முழுவதும் வாகனங்கள் வீதியில் விட்டுச்சென்ற தூசியை, இரவின் கனத்த காற்று பள்ளத்தில் தேக்கி வைத்திருக்கும் வேளையிலேயே, ஈர்க்குமாறு கொண்டு கிளப்புவது அத்தாயின் தொழில். அவரிடம் வாகனம் இல்லை. அவர் பரம்பரையிலேயே எவரும் வாகனம் வைத்திருந்ததில்லை.

நம் மக்களுக்கும் இந்த வீதிகளுக்கும் உள்ள உறவு இன்று தொடங்கியதன்று. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதியை 1820களில் ஆளுநர் எட்வேர்ட் பான்ஸ் வெட்டுவித்தபோது, சிங்களக் குடியானவர்கள் இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பில் மலையைக் குடைந்தனர். படை நடப்பதற்கென்று போட்ட வீதியில் பின்னர் கோப்பி மூட்டைகள் போயின. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த கூலிகள், மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காடும் காய்ச்சலும் கடந்து நடந்தே மலைநாட்டை அடைந்தனர். வழியில் மாண்டவர் பலர். ஒருவன் முதுகில் கல் சுமந்து வீதி போட்டான். மற்றொருவன் அதில் நடந்து செத்தான். இன்று அவ்விருவரின் பேரப்பிள்ளைகளும் அதே வீதிகளின் ஓரத்தில் ஒரே புகையை உண்கின்றனர். சிங்கள ஓட்டோக்காரனின் நுரையீரலுக்கும் தமிழ்ச் சுத்தித் தொழிலாளியின் நுரையீரலுக்கும் முஸ்லிம் நடைபாதை வியாபாரியின் நுரையீரலுக்கும் நிறம் ஒன்றே. அதில் படியும் கரியின் நிறமும் ஒன்றே. இனத்தின் பெயரால் இவர்களைப் பிரித்து வைப்போர், இந்த ஒற்றுமையைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசுவதில்லை.

புகைக்குக் குற்றவாளி யார் என்று கேட்டால், உடனே ஓட்டோக்காரனையும் பழைய பஸ்ஸையும் சுட்டிக்காட்டுவது வழக்கம். அது எளிது. கடன்பட்டு வாங்கிய வண்டிக்குத் தவணைக்காசு கட்டுகிறவனுக்குப் புதிய இயந்திரம் வாங்க வழி எங்கே? வேரைத் தேடினால் வேறு இடத்துக்குப் போகவேண்டும். 1958 ஜனவரி 1ஆம் நாள் இந்நாட்டின் பஸ் சேவை மக்கள் உடைமையானது. குறைகள் இருந்தன, ஆயினும் இலாபம் இல்லாத மலைக்கிராமத்துக்கும் பஸ் போகவேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. 1979இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. பொதுச் சேவை தேய்ந்தது. பயணியைப் பிடிக்கப் பஸ்ஸோடு பஸ் போட்டியிட்டது. நெரிசலில் தொங்க விரும்பாத நடுத்தர வர்க்கத்தார் கடன் வாங்கிச் சொந்த வாகனம் தேடினர். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போகவேண்டிய வீதியில் ஐம்பது வாகனங்கள் ஊர்கின்றன. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமன்று. 2002இல் பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை வந்தது. அவ்வாண்டிலேயே இருவீச்சு இயந்திர ஓட்டோக்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு வண்டியின் புகையும் சற்றுக் குறைந்தது. வண்டிகளின் தொகையோ பெருகிக்கொண்டே போயிற்று.

வீதியை மாற்றினால் போதும் என்று எண்ணுவோருக்குக் கண்டியிலேயே ஒரு பாடம் உண்டு. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையின் முன் விடுதலைப் புலிகளின் குண்டு லொறி வெடித்து, அப்பாவி மக்கள் மாண்டனர். அதன்பின் பாதுகாப்புக்காக மாளிகை முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. வாகனங்கள் வாவியைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. மூடியதன் நியாயத்தை நான் விவாதிக்கவில்லை. ஓரிடத்தில் மூடிய போக்குவரத்து மறைந்துவிடுவதில்லை, வேறொருவர் வாசலுக்கு இடம் மாறுகிறது என்பதையே சுட்டுகிறேன். மாற்றுப்பாதை, சுரங்கப்பாதை, ஒருவழிப்பாதை என்று திட்டங்கள் தீட்டப்படும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: புகை குறையுமா, அல்லது எதிர்த்துப் பேச நாவில்லாத மற்றொரு தெருவுக்குக் குடிபெயருமா?

அண்மை ஆண்டுகளில் காலம் நமக்கு இரண்டு சோதனைகளை நடத்திக் காட்டியது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது வீதிகள் வெறிச்சோடின. சில நாட்களில் ஹந்தானையின் மடிப்புகள் கழுவித் துடைத்ததுபோல் தெரிந்தன. மேட்டு வீடுகளில் அதைப் படம் பிடித்து மகிழ்ந்தார்கள். எனக்குப் பழக்கமான நடைபாதை வியாபாரி ஒருவரை ஊரடங்கு தளர்ந்த பின் கண்டேன். காற்று எப்படியிருந்தது என்று கேட்டேன். “காத்து நல்லாத்தான் இருந்துச்சு மாஸ்டர். காத்தை மட்டும் குடிச்சாப் பசி போகுமா?” என்றார். புகையோடு பிழைப்பு, அல்லது தூய காற்றோடு பட்டினி: உழைப்பவனுக்கு இந்தச் சமுதாயம் வைத்திருக்கும் தேர்வு இவ்விரண்டே. மூன்றாவது ஒன்றைக் கேட்பதே நம் போராட்டம்.

இரண்டாவது சோதனை 2022 டிசம்பரில். இந்தியப் பக்கமிருந்து அடித்துவரப்பட்ட மாசு நாடு முழுவதையும் மூடியது. மேடு பள்ளம் என்ற பேதமின்றி எல்லோரும் இருமினர். டிசம்பர் 9ஆம் நாள் பாடசாலைகள் மூடப்பட்டன. செய்தது சரியே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: எல்லோருக்கும் வந்த புகைக்கு ஒரே நாளில் விடுமுறை கிடைத்தது. வீதியோரப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் வரும் புகைக்கு எவரும் ஒரு மணிநேர விடுமுறையும் கொடுத்ததில்லை.

செல்வம் கொழிக்கும் நாடுகளிலும் இக்கதை வேறன்று. இலண்டனில் பெருவீதியொன்றின் அருகே வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். தாய் ஓயவில்லை, ஆண்டுக்கணக்கில் வழக்காடினாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அச்சிறுமியின் மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். அதுவரை எத்தனையோ பிள்ளைகளின் மரணப் பத்திரங்களில் நோயின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. வீதியின் பெயர் எழுதப்படவில்லை. உலகில் வெளிக்காற்றின் மாசினால் ஆண்டுதோறும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அகால மரணமடைகின்றனர் என்றும், அவர்களில் பத்தில் ஒன்பது பேர் வறிய, நடுத்தர வருமான நாட்டினர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. நம்முடைய மகியாவகளிலும் குட்ஷெட்டுகளிலும் இருந்து அக்கணக்கில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

என்ன செய்யலாம்? வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்காக நான் இதை எழுதவில்லை. முதலாவது, காற்றை அளக்கும் கருவிகள் பூங்காவில் மட்டுமன்றிப் பஸ் நிலையத்திலும், வீதியோரப் பாடசாலையிலும், சுத்தித் தொழிலாளர் குடியிருப்பிலும் வைக்கப்படவேண்டும். அளவு மூன்று மொழியிலும் அங்கேயே பலகையில் எழுதப்படவேண்டும். இரண்டாவது, பொதுப் பஸ் சேவைக்கும் ரயிலுக்கும் உயிர் கொடுக்கவேண்டும். கண்டியின் காலை நெரிசலில் பிள்ளைகளை ஏற்றிவரும் தனி வாகனங்களுக்கும் பங்குண்டு என்பதால், நல்ல பாடசாலைப் பஸ் சேவையே புகையைத் தடுக்கும் மருந்தாகலாம். மூன்றாவது, நிலையத்தில் நிற்கும் பஸ் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். இதற்குக் கடன் வேண்டாம், கட்டளை போதும். நான்காவது, வீதி கூட்டுவோருக்குத் தகுந்த முகக்கவசமும், ஈரம் தெளித்துக் கூட்டும் வசதியும், ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனையும் உரிமையாகக் கிடைக்கவேண்டும். ஐந்தாவது, பெருவீதியின் ஓரத்தில் தலைமுறைகளாக நெருக்கி வைக்கப்பட்டோருக்கு, அவர்களின் பிழைப்பைப் பறிக்காத தூரத்தில் நல்ல வீடு வேண்டும். அழகுபடுத்தல் என்ற பெயரில் அவர்களை நகருக்கு வெளியே எறிவதை நாம் ஒருபோதும் ஏற்கலாகாது.

இவற்றில் எதுவும் கேளாமல் வராது. இந்நாட்டிலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். வாகனப் புகையைக் கட்டுப்படுத்த விதிகள் வேண்டுமென்று 1998இல் சட்டத்தரணி லலாநாத் டி சில்வா உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுச் செய்தார். சுவாசிப்பதும் உரிமை என்று ஒருவர் நீதிமன்றத்தின் முன் நின்று சொன்னது சிறு காரியமன்று. ஆனால் ஒரு மனு ஓர் இயக்கமாவது, ஆசிரியரும் மாணவரும் தொழிற்சங்கமும் அதைத் தோளில் ஏற்றும்போதுதான்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் கையில் வரவுப் பதிவேடு இருக்கிறது. “சுகவீனம்” என்ற ஒற்றைச் சொல்லின் பக்கத்தில், பிள்ளை எங்கே வாழ்கிறான், எந்த வீதியிலிருந்து எத்தனை அடி, எத்தனை நாள் மூச்சு முட்டியது என்று ஒரு தனி ஏட்டில் எழுதி வாருங்கள். மாணவ நண்பர்களே, விஞ்ஞானப் பாடத்தில் படித்ததை வைத்து உங்கள் வீதியின் வாகனங்களை எண்ணுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு நாளில் படியும் கருந்தூளை முற்றத்திலும் வீதியோரத்திலும் ஒப்பிடுங்கள். பத்துப் பாடசாலைகள் ஓர் ஆண்டு இதைச் செய்தால், எந்தச் சராசரியாலும் மறைக்கமுடியாத ஒரு கணக்கு நம்மிடம் இருக்கும். அந்தக் கணக்கோடு மாநகரசபைக்குப் போவோம், மாகாணசபைக்குப் போவோம், போகும்போது அந்தத் தாயையும் அழைத்துச் செல்வோம். “இவன் என்ன வேல செஞ்சான்?” என்ற அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.